பனியில் சிக்கும் கார்கள்: உயிரைப் பறிப்பது குளிர் மட்டுமல்ல; மணாலி, முர்ரீ சம்பவங்கள் உணர்த்தும் பாடம் என்ன?

புதுடெல்லி: இமயமலைப் பகுதிகளில் பனிப்பொழிவு தொடங்கியதும், சாலையில் வரிசையாக நிற்கும் கார்களின் காட்சிகள் ஒவ்வோர் ஆண்டும் தொலைக்காட்சிகளிலும் சமூக வலைதளங்களிலும் தவறாமல் இடம்பெறுகின்றன. வழுக்கிச் செல்லும் காரிலிருந்து ஓட்டுநர் குதிக்கும் காட்சியும், இரவு முழுவதும் வாகனத்துக்குள் முடங்கிக் கிடந்த குடும்பங்கள் மீட்கப்படும் காட்சியும் சில நாட்கள் பேசப்பட்டு, பின்னர் மறக்கப்படுகின்றன. அடுத்த விடுமுறையில் அதே சாலை, அதே நெரிசல், அதே மீட்புப் பணி.

பனியில் கார் சிக்கினால் என்ன செய்ய வேண்டும் என்பது வெளிநாட்டவருக்கான கேள்வியாகவே இந்தியாவில் நீண்ட காலம் கருதப்பட்டது. இன்று நிலைமை மாறியுள்ளது. குளிர்காலத்தில் அடைபட்டுக் கிடந்த மலைப்பகுதிகளைப் புதிய சாலைகளும் சுரங்கப்பாதைகளும் திறந்துவிட்டுள்ளன. சமவெளியில் மட்டுமே வாகனம் ஓட்டிப் பழகிய லட்சக்கணக்கானோர், கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டர் உயரத்துக்குத் தங்கள் சொந்தக் காரிலேயே செல்கின்றனர். அவர்களில் பலர் பனி படர்ந்த சாலையை முதன்முறையாகப் பார்ப்பது, அதில் கார் ஓட்டும்போதுதான்.

கொள்ளளவு 4,500, கடந்தவை 28 ஆயிரம்

இமாச்சலப் பிரதேசத்தின் மணாலியையும் லாஹோல் பள்ளத்தாக்கையும் இணைக்கும் 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதையைப் பிரதமர் நரேந்திர மோடி 2020 அக்டோபர் 3-ஆம் தேதி திறந்து வைத்தார். அதற்கு முன்பு, 3,978 மீட்டர் உயரத்தில் உள்ள ரோதாங் கணவாய் பனியால் மூடப்படும்போது, லாஹோல் பகுதி ஆண்டுக்குச் சுமார் ஆறு மாதங்கள் வெளியுலகத் தொடர்பை இழந்திருந்தது. மணாலிக்கும் லேவுக்கும் இடையேயான தூரத்தில் 46 கி.மீ. குறைந்தது. ராணுவத்துக்கும், மருத்துவ உதவிக்காகக் காத்திருந்த உள்ளூர் மக்களுக்கும் இது பெரும் விடிவாக அமைந்தது.

அதே சுரங்கப்பாதை சுற்றுலாப் பயணிகளுக்கும் கதவைத் திறந்தது. நாளொன்றுக்கு 3,000 கார்கள், 1,500 லாரிகள் என்ற போக்குவரத்து அளவை மனதில் கொண்டே இப்பாதை வடிவமைக்கப்பட்டது. ஆனால், 2023 டிசம்பரில் கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது ஒரே நாளில் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் இதைக் கடந்தன. வடிவமைப்பு அளவைப்போல் இது சுமார் ஆறு மடங்கு.

சுரங்கத்துக்குள் பனி விழாது. பிரச்சினை அதன் இரு வாயில்களுக்கு வெளியே உள்ளது. தெற்கு வாயிலிலிருந்து சோலாங் வழியாக மணாலிக்கு இறங்கும் சாலை வளைவுகளும் சரிவுகளும் நிறைந்தது. 2024 டிசம்பர் 23-ஆம் தேதி பெய்த பனியால் சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் இடையே சுமார் ஆயிரம் வாகனங்கள் சிக்கின. நான்கு நாட்களில் நிலைமை மீண்டும் மோசமானது. டிசம்பர் 27-ஆம் தேதி சோலாங் நாலா பகுதியில் சிக்கிய சுமார் ஆயிரம் வாகனங்களிலிருந்து ஏறத்தாழ 5,000 சுற்றுலாப் பயணிகளை குலு மாவட்டக் காவல்துறையினர் மீட்டனர்.

இந்நிலை இமாச்சலுக்கு மட்டும் உரியதல்ல. சிக்கிமில் நாதுலா கணவாய், சாங்கு ஏரி ஆகிய இடங்களுக்குச் செல்லும் சாலையில் 2021 டிசம்பர் 25-ஆம் தேதி சிக்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ராணுவம் மீட்டது. 2023 மார்ச்சிலும் அதே பகுதியில் ராணுவம் இத்தகைய மீட்புப் பணியில் ஈடுபட நேர்ந்தது.

முர்ரீயில் நடந்தது என்ன?

இந்திய நிகழ்வுகளில் பெரும்பாலானவை மீட்புடன் முடிந்தன. எல்லைக்கு அப்பால், பாகிஸ்தானின் முர்ரீ மலை நகரத்தில் 2022 ஜனவரி 7-ஆம் தேதி இரவு தொடங்கிய பனிப்புயல் அவ்வாறு முடியவில்லை. பனியைக் காணத் திரண்ட கூட்டத்தால் சாலைகள் நிரம்பியிருந்த வேளையில் கடும் பனி கொட்டியது. மரங்கள் முறிந்து சாலையை அடைத்தன. மறுநாள் விடிந்தபோது, நின்ற இடத்திலேயே நின்றிருந்த கார்களுக்குள் குழந்தைகள் உட்பட 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்து கிடந்தனர்.

கடுங்குளிர் ஒரு காரணமாக இருந்தாலும், மற்றொரு காரணத்தை மீட்புக் குழுவினரும் மருத்துவர்களும் சுட்டிக்காட்டினர். குளிரைத் தாங்க முடியாமல் ஜன்னல்களை மூடி, என்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உறங்கியவர்களின் கார்களில் கார்பன் மோனாக்சைடு வாயு நிறைந்திருக்கலாம் என்பதே அது. பின்னர் நடந்த விசாரணையில், பனி அகற்றும் வாகனங்கள் தேவையான இடங்களில் நிறுத்தப்படாமல் ஒரே இடத்தில் முடங்கிக் கிடந்தது தெரியவந்தது. அதிகாரிகள் 15 பேர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது.

இதற்குச் சில நாட்கள் முன்பு, அதே 2022 ஜனவரி முதல் வாரத்தில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 95-ஆம் எண் நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான வாகனங்கள் பனியில் ஒரு நாளுக்கும் மேலாகச் சிக்கின. செனட்டர் டிம் கெய்ன் தமது இரண்டு மணி நேரப் பயணத்தை 27 மணி நேரத்தில் முடித்தார். அங்கு உயிரிழப்பு ஏற்படவில்லை. இரு இடங்களிலும் பனியின் அளவும் நிலப்பரப்பும் வேறு என்பதால் நேரடியாக ஒப்பிட முடியாது. ஆயினும், காருக்குள் ஓரிரவைக் கழிக்க நேர்வது தானாகவே மரணத்தில் முடிந்துவிடுவதில்லை என்பதை இது காட்டுகிறது. காருக்கு உள்ளேயும் வெளியேயும் என்ன செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது.

கண்ணுக்குத் தெரியாத வாயு

என்ஜின் ஓடும்போது சைலன்சர் வழியாக வெளியேறும் புகையில் கார்பன் மோனாக்சைடு கலந்துள்ளது. சாதாரண நேரத்தில் அது காற்றில் கலந்து சிதறிவிடும். காரைச் சுற்றிப் பனி குவிந்து சைலன்சர் குழாயின் வாயை மூடிவிட்டால், புகை வெளியேற வழியின்றிக் காரின் அடிப்பகுதியில் தேங்குகிறது. அங்கிருந்து காற்று உள்ளிழுக்கும் துளைகள் வழியாகவும் இடுக்குகள் வழியாகவும் காருக்குள் நுழைகிறது.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் இது பிணைகிறது. அதனால் உடலின் உறுப்புகளுக்கு ஆக்சிஜன் செல்வது தடைபடுகிறது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், சோர்வு, உறக்கம் என்ற வரிசையில் இதன் பாதிப்பு முன்னேறும். உறங்கியவர் எழுவதில்லை. வட மாநிலங்களில் குளிர்காலத்தில் மூடிய அறைக்குள் கரி அடுப்பை எரியவிட்டு உறங்கும் குடும்பங்களைப் பலிவாங்குவதும் இதே வாயுதான்.

மலைப்பகுதியில் இதனால் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. 3,000 மீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் குறைவால் ஏற்படும் ஒவ்வாமைக்கும் தலைவலி, குமட்டல், சோர்வு ஆகியவையே அறிகுறிகள். 'மலை ஏறியதால் வந்த தலைவலி' என்று எண்ணி ஜன்னலை மேலும் இறுக மூடிக்கொண்டு படுத்தால், உண்மையான காரணம் கண்டறியப்படாமலேயே போகும். நின்றிருக்கும் காரில் ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேற்பட்டோருக்குத் தலைவலி ஏற்பட்டால், முதலில் என்ஜினை நிறுத்திக் கதவுகளைத் திறக்க வேண்டும். மற்ற ஆய்வுகளைப் பின்னர் செய்துகொள்ளலாம்.

ஜப்பான் வாகன ஓட்டிகள் கூட்டமைப்பான ஜேஏஎஃப், என்ஜின் மூடி வரை பனியில் புதைக்கப்பட்ட கார்களைக் கொண்டு சோதனை நடத்தியுள்ளது. எந்த முன்னெச்சரிக்கையும் எடுக்கப்படாத காரில், அரை மணி நேரத்துக்குள் கார்பன் மோனாக்சைடு உயிருக்கு ஆபத்தான அளவை எட்டியது. ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்த காரில் அது தாமதமாக உயர்ந்ததே தவிர, உயர்வது நிற்கவில்லை. சைலன்சரைச் சுற்றியிருந்த பனியை அகற்றிய காரில்தான் ஆபத்து நீங்கியது. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்ற பரவலான நம்பிக்கை தவறு என்பது இதனால் தெளிவாகிறது. பனியை அகற்றுவதே முதல் கடமை. ஜன்னல் திறப்பது கூடுதல் பாதுகாப்பு மட்டுமே.

சிக்கினால் முதலில் செய்ய வேண்டியவை

பனியில் சக்கரம் சிக்கியதும் பெரும்பாலான ஓட்டுநர்கள் செய்யும் தவறு, ஆக்சிலரேட்டரை மேலும் அழுத்துவது. சக்கரம் சுழலும்போது உண்டாகும் வெப்பத்தில் அடியில் உள்ள பனி உருகி, உடனே உறைந்து வழவழப்பான பனிக்கட்டியாகிறது. கார் மேலும் ஆழமாகப் புதைகிறது.

மாறாக, காரை நிறுத்திவிட்டு இறங்கி, சக்கரங்களின் முன்னும் பின்னும் காரின் அடியிலும் உள்ள பனியை அகற்ற வேண்டும். இந்தியாவில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம் கொண்டவை. எனவே, முன்சக்கரங்களுக்கு அடியில் மணல், சரளைக் கல் அல்லது காரின் தரை விரிப்பைப் போட்டால் பிடிப்பு கிடைக்கும். ஸ்டியரிங்கை நேராக வைத்து, இரண்டாவது கியரில் மிக மெதுவாக நகர்த்த வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக ஆட்டி, ஏற்கெனவே பதிந்த தடத்தின் நீளத்தைக் கூட்டிக்கொண்டே வெளியேற்றலாம். சக்கரச் சுழற்சியைத் தானாகக் கட்டுப்படுத்தும் வசதியுள்ள கார்களில், இந்த நேரத்தில் மட்டும் அதை அணைத்து வைப்பது உதவும். காரைத் தள்ளுவோர் சரிவின் கீழ்ப்பக்கத்திலோ சக்கரத்துக்கு நேராகவோ நிற்கக் கூடாது.

சில முயற்சிகளுக்குப் பின்னும் கார் நகரவில்லை என்றால், முயற்சியைக் கைவிட்டு உதவிக்குக் காத்திருப்பதே அறிவுடைமை. வியர்வையில் உடைகள் நனைந்தால், அடுத்த சில மணி நேரத்தில் அதுவே உடல் வெப்பத்தைப் பறிக்கும்.

காரிலேயே இருப்பதா, இறங்கி நடப்பதா?

கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கட்டடமோ காவல் சாவடியோ இல்லாத நிலையில், காரைவிட்டுச் செல்லக் கூடாது என்பதே உலகெங்கும் வழங்கப்படும் அறிவுரை. பனிப்புயலில் சில மீட்டர் தூரத்திலேயே திசை தெரியாமல் போகும். மேலும், மீட்புக் குழுவினரின் கண்ணில் தனி மனிதரைவிடக் கார் எளிதில் படும். அதே வேளையில், காவல்துறையினரோ எல்லைச் சாலைகள் அமைப்பினரோ வாகனத்தை விட்டுவிட்டு வருமாறு கூறினால், காரின் மீதுள்ள பற்றால் தயங்கக் கூடாது. பனிச்சரிவு அபாயம் உள்ள பகுதியா என்பது அவர்களுக்கே தெரியும்.

காரில் காத்திருக்கும்போது என்ஜினைத் தொடர்ந்து ஓடவிடக் கூடாது. மணிக்குச் சுமார் பத்து நிமிடங்கள் மட்டும் இயக்கி, உட்புறம் வெதுவெதுப்பானதும் நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் இயக்குவதற்கு முன் இறங்கிச் சென்று, சைலன்சர் குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும். என்ஜின் ஓடும் நேரத்தில், காற்று வீசாத பக்கத்து ஜன்னலைச் சிறிது திறந்து வைக்க வேண்டும். அனைவரும் ஒரே நேரத்தில் உறங்காமல், முறை வைத்து ஒருவராவது விழித்திருக்க வேண்டும். எரிவாயு அடுப்பையோ கரியையோ காருக்குள் பற்றவைப்பது தற்கொலைக்குச் சமம்.

மின்சாரக் கார்களில் புகை இல்லை என்பதால் இந்த வாயு ஆபத்து இல்லை. ஆனால், அருகில் நிற்கும் பெட்ரோல், டீசல் வாகனங்களின் புகை உள்ளே வரலாம். முழு அறையையும் சூடாக்கும் ஹீட்டரைவிட, இருக்கையை மட்டும் சூடாக்கும் வசதி பேட்டரியைக் குறைவாகவே பயன்படுத்தும்.

குளிருக்கு மது அருந்துவது நல்லது என்ற எண்ணமும் ஆபத்தானது. மது தோலின் ரத்தக் குழாய்களை விரிவடையச் செய்வதால், வெதுவெதுப்பான உணர்வு கிடைக்கும். உண்மையில் உடல் வெப்பம் வேகமாக வெளியேறிக்கொண்டிருக்கும். நடுங்கிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, குழப்பமடைந்தால் அது தேறிவருவதன் அடையாளம் அல்ல. உடல் வெப்பம் அபாயகரமாகக் குறைந்துவிட்டதன் அடையாளம். ஈர உடைகளை அகற்றி, உலர்ந்த போர்வையால் போர்த்தி, மற்றவர்களின் உடல் சூட்டோடு அணைத்து வைக்க வேண்டும். உணர்விழந்த விரல்களைத் தேய்க்கக் கூடாது.

உதவிக்கு 112 என்ற தேசிய அவசர எண்ணையும், மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு மையத்தின் 1077 என்ற எண்ணையும் அழைக்கலாம். குளிரில் கைபேசி பேட்டரி வேகமாகத் தீரும் என்பதால், அதை உடலோடு ஒட்டிய உள்பையில் வைத்திருப்பது பயன் தரும்.

நான்கு சக்கர இயக்கம் தரும் போலித் துணிச்சல்

பனிப்பொழிவின்போது மணாலிக்கு மேலே நான்கு சக்கர இயக்க வாகனங்களை மட்டும் அனுமதிப்பது நிர்வாகத்தின் வழக்கமான உத்தரவாக உள்ளது. ஏறுவதற்கு இது உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால், நிறுத்துவதற்கு உதவாது. எந்தக் காராக இருந்தாலும் அது நிற்பது டயருக்கும் தரைக்கும் இடையேயான உராய்வினால்தான். உலர்ந்த தார்ச்சாலையோடு ஒப்பிட்டால், பனிக்கட்டி படர்ந்த சாலையில் கார் நிற்கத் தேவைப்படும் தூரம் பல மடங்காகிறது. 2024 டிசம்பரில் பரவிய காட்சிகளில், கீழ்நோக்கி வழுக்கிச் சென்ற வாகனங்களின் சக்கரங்கள் சுழலவே இல்லை. பிரேக் சரியாகவே பிடித்திருந்தது. டயருக்கு அடியில் பிடிப்புதான் இல்லை.

ஆகவே, இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் குறைந்த கியரில் என்ஜினின் இழுவையைக் கொண்டே இறங்க வேண்டும். டயர் சங்கிலிகளை இயக்கச் சக்கரங்களில் மாட்ட வேண்டும். சிக்கிய பிறகு அல்ல, பனிப்பகுதி தொடங்கும் முன்பே. டீசல் வாகனங்களுக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. கடுங்குளிரில் சாதாரண டீசல் உறைந்து கெட்டியாகும். லடாக் பகுதிக்காக மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. சமவெளியில் நிரப்பிய டீசலோடு உயர்ந்த மலைப்பகுதிக்குச் செல்வோர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

விதி யாருக்கு?

தனிமனிதர் எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கை ஒருபுறம் இருக்க, இத்தனை வாகனங்களை ஒரே நேரத்தில் அச்சாலையில் அனுமதிப்பது யார் என்ற கேள்வியும் எழுகிறது. இதில் ஒரு முரண் உள்ளது. சுற்றுச்சூழலைக் காக்கும் நோக்கில், ரோதாங் கணவாய்க்கு நாளொன்றுக்கு 1,200 சுற்றுலா வாகனங்களுக்கே அனுமதி என்ற வரம்பு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தலையீட்டால் நடைமுறையில் உள்ளது. அதே மலையைக் குடைந்து செல்லும் சுரங்கப்பாதைக்கு அந்த அனுமதி தேவையில்லை. கோடையில் செல்லும் கணவாய்க்கு வரம்பு உண்டு. குளிர்காலத்தில் உயிருக்கே ஆபத்து நேரக்கூடிய சாலைக்கு அத்தகைய நிலையான வரம்பு இல்லை.

பிற நாடுகளும் பட்ட பிறகே கற்றன. ஜப்பானின் கான்-எட்சு விரைவுச் சாலையில் 2020 டிசம்பரில் 2,000-க்கும் மேற்பட்ட வாகனங்கள் இரண்டு நாட்களுக்கும் மேலாகச் சிக்கிய பின்னர், பனி கடுமையாவதற்கு முன்கூட்டியே சாலையை மூடும் அணுகுமுறை அங்கு வலுப்பெற்றது. ஜெர்மனியில் பனி படர்ந்த சாலையில் குளிர்கால டயர் இல்லாமல் வாகனம் ஓட்டுவது குற்றம். இந்தியாவில் மாவட்ட நிர்வாகங்கள் அவ்வப்போது பிறப்பிக்கும் உத்தரவுகளே இதற்கு ஈடாக உள்ளன. அவை பெரும்பாலும் வாகனங்கள் மேலே சென்ற பிறகே வருகின்றன.

சாலையை முன்கூட்டியே மூடுவதற்கு எதிர்ப்பும் உண்டு. பனி விழும் நாட்களே மணாலியின் விடுதிக்காரர்களுக்கும், வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும், சிஸ்ஸு போன்ற லாஹோல் கிராமங்களின் சிறு வணிகர்களுக்கும் ஆண்டின் முக்கிய வருமானக் காலம். எச்சரிக்கை பொய்த்து வெயில் அடித்தால், இழப்பு அவர்களுக்குத்தான். ஆதலால் முழுத் தடையைவிட, வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கை வந்ததும் வாகன எண்ணிக்கைக்கு வரம்பு விதிப்பது, மதியத்துக்குப் பின் மேலே செல்வதை நிறுத்துவது, சோதனைச் சாவடியிலேயே டயர் சங்கிலிகளை வாடகைக்கு வழங்குவது, பனிச் சாலையில் பழகிய உள்ளூர் ஓட்டுநர்களின் வாகனங்களில் பயணிகளை ஏற்றிச் செல்வது ஆகியவை இரு தரப்புக்கும் பொருந்தக்கூடிய வழிகள். கடைசி வழி, உள்ளூர் மக்களின் வருமானத்தைக் கூட்டவும் செய்யும்.

பாதி அளவுக்குக் குறையாத எரிபொருள், போர்வைகள், குடிநீர், உணவு, டார்ச் விளக்கு, ஒரு சிறிய மண்வாரி, டயர் சங்கிலி. இவற்றைக் காரில் வைத்துக்கொள்ள ஆகும் செலவு, மணாலியில் ஒரு நாள் விடுதி வாடகையைவிடப் பெரிதாக இருக்காது. முர்ரீயில் அன்றிரவு காருக்குள் உறங்கியவர்களும் மறுநாள் காலை சாலை திறந்துவிடும் என்று நம்பியவர்களே. மண்வாரியால் சைலன்சரைச் சுற்றியுள்ள பனியை அகற்ற ஐந்து நிமிடங்கள் போதும் என்பதை இனி மலைக்குப் புறப்படும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருப்பது அவசியம்.